எத்தனை நாள் காத்திருப்பது?

“ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேண்டாமா?” என்பது நம்மவர் பழமொழி. அடுப்படிக்குச் சொன்ன அம்மொழி நொதித்தற் கலைக்கும் பொருந்துமென்பதை அண்மையில் எமக்கு வந்த கடிதமொன்று உணர்த்திற்று.

இங்கிலாந்திலே பயிலும் எம் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார்: “என் அறைத்தோழர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார். சென்ற மாதம் இரண்டு போத்தல்கள் நள்ளிரவில் வெடித்துச் சிதறின. எத்தனை நாள் வைத்திருந்து போத்தலில் அடைத்தல் வேண்டும்?”

அந்நாட்டில் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. நம் நாட்டிலோ உரிமமின்றி மதுவகை ஆக்குதல் குற்றமாகும். நாம் மதுவைப் போற்றுவோருமல்லோம். எனினும், தெறிக்கும் கண்ணாடி கண்ணையே பறித்துவிடக் கூடுமாதலின், விடை கூறாதிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

அப்பமாவைக் கள் பொங்கச் செய்வதை நாம் அறிவோம். அங்கே தொழிற்படும் மதுவமே பியரிலும் தொழிற்படுகிறது. முளைவிட்ட வாற்கோதுமைச் சாற்றிலுள்ள வெல்லத்தை அது அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். வெல்லம் தீருமுன் மூடியை இறுக்கினால், வெளியேற வழியற்ற வாயு போத்தலைப் பிளக்கும்.

வெல்லம் தீர்ந்ததை அறிவது எவ்வாறு? நீர்மானியே சொல்லும். தொடக்கத்தில் 1.050 அளவிலுள்ள சாரடர்த்தி, நொதித்தல் முடியுங்கால் 1.010 அளவுக்கு இறங்கும். மூன்று நாள் அது மாறாது நிற்பின் அடைக்கலாம். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரம் செல்லும். 1.020 அளவிலேயே நின்றுவிட்டால் அவசரப்படலாகாது. குளிரினால் மதுவம் சோர்ந்திருக்கலாம். அடைக்கும்போது லீற்றருக்கு 6 கிராம் அளவில் சீனி சேர்ப்பது நுரைக்காகவே. அது மிகுந்தாலும் ஆபத்து.

இனி, மிகக் காத்திருந்தால்? ஒரு மாதம் வரை மண்டியின்மேல் கிடப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. பியர் தெளிவே பெறும். பல மாதங்கள் கடந்தால், இறந்த மதுவம் சிதைந்து வெறுக்கத்தக்க வாடையைத் தரும். காற்றுப் பட்டால் சுவை கெட்டுப் புளிக்கவும் கூடும். அற்ககோல் மிகுந்த பியரை ஆறு மாதம் முதிரவைக்க விரும்புவோர், மண்டியை நீக்கி வேறொரு தூய கலத்தில் விளிம்புவரை நிரப்பிக் காற்றுப் புகாது வைப்பர்; போத்தலில் அடைக்குங்கால் சிறிது புதிய மதுவமும் சேர்ப்பர்.

மாதக்கணக்கில் வைத்தல் புதிய வழக்கமன்று. செருமனியின் பவேரியா நாட்டில் ஏப்பிரல் 23 முதல் செத்தெம்பர் 29 வரை பியர் காய்ச்சலாகாதென 1553 இல் கட்டளை பிறந்தது. கோடை வெப்பத்தில் பியர் கெட்டுப்போனமையே காரணம். ஆகவே குளிர்காலத்திற் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளிற் சேமித்தனர். ‘லாகர்’ என்னும் பெயரும் சேமித்தலைக் குறிக்கும் செருமன் சொல்லின்வழி வந்ததே. கெடுக்கும் நுண்ணுயிர்களைக் குளிர் அடக்கிற்று. அந்நுண்ணுயிர்களே பியரைக் கெடுப்பன என லூயி பாஸ்டர் 1876 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். காரணம் தெரியுமுன்பே பவேரியர் கைவழக்கால் வழி கண்டிருந்தனர்.

“நாட்காட்டியைப் பார்த்து அடைக்கவேண்டாம், நீர்மானியைப் பார்த்து அடைக்கச் சொல்லும்” என மாணவருக்கு எழுதினோம். தோழர் நீர்மானி ஒன்று வாங்கிவிட்டாராம். அறையில் இப்போது அமைதியாக உறங்க முடிகிறதென்று மறுகடிதம் வந்திருக்கிறது.