பாற்குடமும் கொலைக்களமும்

தம்மைச் 'சைவர்' என்று சொல்லிக்கொண்டு உண்பாருள் சிவனை வணங்காதார் பலர். சிவனியர் அனைவரும் புலால் நீத்தவருமல்லர். வேடர் கண்ணப்பர் இறைவனுக்கு ஊனே படைத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அவ்வாறிருக்க, ஒரு நெறியின் பெயரை உணவுக்குச் சூட்டி, அதன் தலையில் 'அ' என்னும் வடமொழி எதிர்மறையை ஏற்றிப் பிறர் உணவை 'அசைவம்' என இழித்துரைப்பது தமிழ்மரபன்று. மரக்கறி, புலால் என்னும் நம் சொற்கள் உண்ணப்படுவது எதுவென்று மட்டும் உரைப்பன. உண்பவனை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை.

குழப்பம் சொல்லளவில் நின்றதா? இல்லை. 'சைவம்' என்னும் போர்வைக்குள் பாலும் புகுந்துகொண்டது. பால் எந்த மரத்திற் காய்க்கிறது?

ஆ ஈன்றாலன்றிக் கறவாது. ஈனும் கன்றுகளிற் பாதி காளைக்கன்று. ஏரும் வண்டியும் இருந்த நாளில் அதற்கு வேலை இருந்தது. உழுவை எந்திரம் வயலில் இறங்கியபின், கலப்பினக் காளைக்கன்றைக் கேட்பாரில்லை. அது குடிக்கும் பாலோ விலைபெறும் பால். ஆகவே அது பெரும்பாலும் பட்டினியால் மெலிந்து சாகிறது, அல்லது விற்கப்படுகிறது. கன்று மாண்டபின்னும் மடி சுரக்கவேண்டுமென்று, அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின்முன் நிறுத்தும் கொடுமையை நம் ஊர்களிற் கண்டவர் பலர். அத் தோலை நக்கியபடியே அவ் ஆ பால் சொரியும்! தாயின் முடிவும் வேறன்று. ஏறத்தாழ 20 ஆண்டு வாழவல்ல ஆவானது, கறவை குறைந்தவுடன் 'அடிமாடு' என்னும் பெயர் பெற்றுப் பொள்ளாச்சி போலும் சந்தைகளின் வழியே கேரளத்திற்கு வண்டியேறுகிறது. பால் விளைவில் உலகில் முதலிடத்தில் நிற்கும் இந்தியாவே எருமையிறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்கிறது. ஒரே கொட்டிலுக்கு இரண்டு வாயில்கள்.

தின்பதற்கென்று வாங்குவார் இல்லையெனில், விலைக்கென்று ஊன் விற்பாரும் இரார் என்பது புலால் மறுத்தலில் வள்ளுவர் வைத்த முறைமை. பழியைக் கொல்பவனோடு நிறுத்தாமல் வாங்குபவன்வரை நீட்டினார் அவர். அவ் வள்ளுவர் பாலை விலக்கவில்லையே என்பார்க்கு, ஆம், விலக்கவில்லை. பாலும் தேனும் கலந்த சுவையை இன்பத்துப்பாலில் ஒப்பாகவே எடுத்தாள்கிறார். ஆயினும் அவர் காலத்து ஆநிரை வேறு, இன்றைய பாற்பண்ணை வேறு. அவர் தந்த அளவுகோலை இன்றைய பாற்குடத்தின்மேல் வைத்துப் பார்க்க நாம் ஏன் அஞ்சவேண்டும்?

இங்கிலாந்தில் மரக்கறிக் கழகத்தின் இதழில் பால்நீத்தோர்க்கு இடம் மறுக்கப்படவே, 1944 நவம்பரில் தொனால்டு வாட்சன் முதலானோர் தனிக்கழகம் கண்டனர். 'வெசிட்டேரியன்' என்னும் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி 'வீகன்' என்று புதுச்சொல்லும் ஆக்கிக்கொண்டனர். நம்மவரோ அதனை 'நனிசைவம்' என்கின்றனர். பழைய குழப்பத்திற்கு ஓர் அடைமொழி! புலால் மறுத்தல் போலப் பால் மறுத்தல் என்றால் யாருக்கு விளங்காது?

ஒற்றைக் கறவைமாட்டை நம்பி உலையேற்றும் ஏழைப்பெண்ணிடம் இதனை உரைப்பது அறமன்று. மாட்டிறைச்சி உண்டானென்று எளியவனை அடிப்பாருக்கு இக் கருத்தில் பங்குமில்லை. அவர் காலையிற் பருகிய பாலே அம் மாட்டை அடிமாடாக்கியது. நெய்யும் தயிரும் மிகுத்துண்டு 'யாம் கொலை செய்யோம்' என்று நிமிர்வாருக்கே இவ் வுரை.

பாலின்றி எலும்பு வலுக்குமா என்கின்றனர். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. அதேயளவு ஆன்பாலில் ஏறத்தாழ 120 தான். பி-12 என்னும் உயிர்ச்சத்து மட்டும் மரக்கறியிற் கிட்டாது. அதனை மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ கொள்ளவேண்டும். இதனை மறைத்துப் பரப்புரை செய்வோர் தம் கொள்கைக்கே கேடு செய்வர்.

இயக்கத்தார் வீட்டுத் திருமணங்களில் வடமொழி மந்திரத்தை நீக்கியாயிற்று. இனிப் பந்தியில் பாற்சோற்றுக்கு மாற்றாகத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் இட்ட உளுந்தங்கஞ்சியை வைத்துத் தொடங்கலாம்.