எட்டுப் புள்ளி மொழிபெயர்ப்பும் மலைப்பூண்டுக் கணக்கும்

பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜனவரி 6 அன்று வெளியிட்ட ஆசிரியர் நியமன, பதவி உயர்வு நெறிமுறைகளின் வரைவு, 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளின் புள்ளி அட்டவணையைக் கைவிட்டு, அதனிடத்தில் ‘குறிப்பிடத்தக்க பங்களிப்புகள்’ என ஒன்பது இனங்களை வைத்து, அவற்றுள் நான்கிலேனும் ஆசிரியர் பங்காற்றியிருக்க வேண்டும் என்கிறது. துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதியே பொதுவெளியின் கவனத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஈர்த்துக்கொண்டது. ஜனவரி 9 அன்று வரைவைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தைச் சுற்றிய விவாதமும் பெரிதும் அதைப் பற்றியதாகவே அமைந்தது. அது பேசப்பட வேண்டிய இடத்தில் பேசப்படுகிறது. வணிகவியல், மேலாண்மைத் துறை ஆசிரியர்கள் தம் வகுப்பறையை முன்வைத்துக் கருத்துரைக்க வேண்டியவை, அந்த ஒன்பதில் அதிகம் கவனிக்கப்படாத இரண்டு இனங்கள்: இணையவழிப் பாடங்களுக்கான உள்ளடக்கம் உருவாக்குதல், இந்திய மொழிகளில் கற்பித்தல்.

முதல் இனத்தை எடைபோட, நிதியியல் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த ஒருவரின் பணிவாழ்வே போதிய உரைகல்லாகும். சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியலும், பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தில் மேலாண்மையும் பயின்று, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பெர்க்லியில் இரண்டாண்டு கற்பித்தபின் 1986இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் சேர்ந்து இன்றுவரை அங்கேயே நிறுவன நிதியியலும் மதிப்பீட்டியலும் கற்பித்துவரும் அஸ்வத் தாமோதரன், ஆய்விதழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கையால் பெயர்பெற்றவர் அல்லர். அவர் வகிக்கும் இருக்கையே நிதியியல் கல்விக்கென ஏற்படுத்தப்பட்டது. ஆய்வுக்கு இருக்கை வைக்கும் வழக்கத்தினிடையே கற்பித்தலின் பெயரால் ஓர் இருக்கை அமைந்திருப்பது தனியே குறிக்கத்தக்கது.

அவருடைய முறையின் அடிப்படை எளியது. பருவத் தொடக்கத்திலேயே மாணவர் உண்மையான நிறுவனம் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். இடர், மூலதன அடக்கவிலை, கடன் விகிதம், ஈவுக் கொள்கை என ஒவ்வொரு தலைப்பும் நடத்தப்படும்போது அதே நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அதைப் பொருத்திப் பார்க்கிறார். பருவம் முடியும்போது அவர் கையில் இருப்பது ஒரு நிறுவனத்தின் முழு நிதிச் சித்திரம். தேர்வுகளுக்குப் புத்தகத்தையும் குறிப்புகளையும் கொண்டுவரலாம். வகுப்பின் ஒளிப்பதிவுகள், குறிப்புகள், முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள், அவற்றின் விடைகள் எல்லாம் கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றன. இவற்றினும் மேலானது ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் புதுப்பித்து வெளியிடும் தரவுத் தொகுப்பு. பங்குச் சந்தையின் இடருக்காக முதலீட்டாளர் எதிர்பார்க்கும் கூடுதல் வருவாயான பங்கு இடர் மிகுவீதத்தைப் பழைய ஆண்டுகளின் சராசரியிலிருந்து எடுக்காமல், அன்றைய குறியீட்டு எண்ணிலிருந்தும் எதிர்பார்க்கப்படும் பணவரவுகளிலிருந்தும் பின்னோக்கிக் கணித்து, 2025 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தைக்கு அது 4.33 விழுக்காடு என்றார் அவர். இந்தியா போன்ற நாடுகளுக்கு, அரசுக் கடன்பத்திரத்தின் தர மதிப்பீட்டை ஒட்டி அதன்மேல் ஒரு கூடுதல் சேர்க்கப்படுகிறது. மும்பையில் உள்ள மதிப்பீட்டாளரும் மதுரையில் உள்ள ஆய்வு மாணவரும் இந்த அட்டவணையையே திறக்கிறார்கள்.

தவறுவதற்கான வாய்ப்பை மறைக்காமல் கற்பிப்பது அவருடைய மற்றோர் இயல்பு. 2014இல் ஊபர் நிறுவனத்தின் மதிப்பு 590 கோடி டாலர் அளவுதான் என அவர் கணித்தபோது, முதலீட்டாளர்கள் அதனை 1,700 கோடி டாலராக மதித்திருந்தனர். அந்நிறுவனத்தின் தொடக்ககால முதலீட்டாளருள் ஒருவரான பில் கர்லி, சந்தையின் பரப்பையே தாமோதரன் குறுக்கிப் பார்த்துவிட்டார் என்று மறுத்தெழுத, அந்த மறுப்பின் கதைக்கு எந்த எண்கள் பொருந்தும் என்று தாமோதரனே கணக்கிட்டுக் காட்டினார். 2021 ஜூலையில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்ட சொமேட்டோவுக்கு அவர் கண்ட மதிப்பு ஏறத்தாழ 41 ரூபாய். ஓராண்டில் பங்கின் விலை அவர் கண்ட மதிப்பளவுக்கே இறங்கியது, பின்னர் 200 ரூபாயைக் கடந்தது. இவ்விரண்டில் எதைக் கொண்டு அவரைச் சரி அல்லது தவறு எனத் தீர்ப்பது என்ற வினாவே ஒரு வகுப்பு நேரத்தை நிரப்பப் போதும். விலை வேறு, மதிப்பு வேறு என்பதை மாணவர் உணர்வதற்கு இதனினும் நல்ல பாடம் தேவையில்லை.

இப்படிப்பட்ட பணிக்கு 2018ஆம் ஆண்டு அட்டவணை என்ன தந்திருக்கும்? பன்னாட்டுப் பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்களைக் கொண்டு அவர் எளிதில் தேறிவிடுவார் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தரவுத் தொகுப்புக்கு அதில் இடமில்லை. விடையுடன் வெளியிடப்படும் வினாத்தாளுக்கும் இடமில்லை. இணையவழிப் பாடத்துக்கு 20 புள்ளிகள் உண்டெனினும், காணொளி, எழுத்துப் பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு என்னும் ‘நான்கு கால்பகுதி’ அமைப்பில் அது வார்க்கப்பட்டிருக்க வேண்டும். புதிய வரைவு இந்த வார்ப்பை உடைப்பது வரவேற்கத்தக்கதே. ஒருமுறை படம்பிடித்துவிட்டுப் பத்தாண்டு தொடாமல் விடப்படும் பாடத்தையும், ஆண்டுதோறும் திருத்தப்படும் பாடத்தையும் தேர்வுக் குழு எவ்வாறு வேறுபடுத்தும் என்பதை மட்டும் வரைவு தெளிவாக்க வேண்டும்.

இரண்டாம் இனமே நீண்ட பேச்சைக் கோருகிறது. 2018ஆம் ஆண்டு அட்டவணைப்படி வணிகவியலில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 புள்ளிகள். ஒரு முழு நூலை இந்திய மொழியில் பெயர்ப்பதற்கு 8 புள்ளிகள். எழுநூறு பக்க நிதி மேலாண்மை நூல் ஒன்றைக் கலைச்சொல்லுக்குக் கலைச்சொல் தேடி, கணக்குகளை ரூபாய்க்கு மாற்றி, இரண்டாண்டு உழைத்துத் தமிழாக்கும் ஆசிரியர், பத்துப் பக்கக் கட்டுரை எழுதியவருக்கு இரண்டு புள்ளி பின்னே நின்றார். ஏழாண்டுகள் நாடு முழுவதும் நடந்த கணக்கு இது. இதன் விளைவைத் தமிழ்வழி இளங்கலை வணிகவியல் வகுப்புகளில் நாள்தோறும் காணலாம்: மேல்நிலைப் பள்ளிவரை கணக்குப்பதிவியலைத் தமிழில் நல்ல பாடநூலின் துணையோடு படித்துவரும் மாணவி, கல்லூரியின் நிதி மேலாண்மைத் தாளுக்கு வரும்போது, ஆங்கில நூலிலிருந்து ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லும் குறிப்பையும் கடைகளில் விற்கும் வினா விடைக் கையேட்டையும் நம்பி நிற்கிறார்.

கலைச்சொற்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. மூலதனத்தைத் திரட்டுவதற்கு நிறுவனம் கொடுக்கும் விலை ஒரு நூலில் ‘மூலதன அடக்கவிலை’ என்றும் மற்றொன்றில் ‘மூலதனச் செலவு’ என்றும் வழங்குகிறது. பின்னதைக் கேட்கும் மாணவர், அரசின் வரவுசெலவு அறிக்கையில் சாலைக்கும் அணைக்கும் ஒதுக்கப்படும் மூலதனச் செலவையே நினைக்கிறார். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதத்தைத் ‘தள்ளுபடி வீதம்’ என்று எழுதினால், ஆடி மாதத் துணிக்கடை விளம்பரத்திலிருந்து அதைப் பிரித்தறிய ஆசிரியர் கால்மணி நேரம் செலவிட நேர்கிறது. சொல்லை ஒழுங்குபடுத்தும் பொறுப்புடைய அமைப்புகள் ஒன்றுக்கு மூன்றாக இருந்தும், கல்லூரி வகுப்புக்கு ஏற்ற ஒரே நிதியியல் சொற்பட்டியல் அனைவரும் பின்பற்றும் வகையில் நிலைபெறவில்லை.

மொழியோடு தரவும் சேர்ந்தே இல்லாமற்போகிறது என்பதற்குப் பழனி மலைத்தொடரே சான்று. 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இயங்குகிறது. அங்கிருந்து மேல்மலைக்குச் செல்லும் வழியில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என அடுக்கு வயல்களில் மலைப்பூண்டு விளைகிறது. அப்பல்கலைக்கழகத்தின் உயிரிதொழில்நுட்பத் துறை முயன்றதன் பயனாகக் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தமும் பெற்றது. அறிவியல் துறை தன் பங்கைச் செய்துவிட்டது. அந்தக் குறியீட்டின் பண மதிப்பு என்ன என்பது நிதியியல் துறைக்குரிய வினா. வணிகப் பெயரின் மதிப்பைத் தாமோதரன் கற்பிக்கும் வழியில், பெயரில்லாத அதே பொருள் பெறும் விலைக்கும் பெயருள்ள பொருள் பெறும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அதைக் காப்பதற்கான செலவைக் கழித்து, எஞ்சுவதை எத்தனை ஆண்டுக்கு எதிர்பார்க்கலாம் என்று கேட்டு, இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் விடை கிடைக்கும். மலைப்பூண்டின் பெயரில் வேறு பூண்டு விற்கப்படுமானால் அந்த எதிர்பார்ப்பு எத்தனை ஆண்டு சுருங்கும் என்பது அடுத்த வினா.

மேல்மலைப் பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. கணக்கின் பொருட்டு, விதைப்பூண்டுக்கும் உரத்துக்கும் ஒரு விவசாயி ஏதோ ஒரு மண்டியில் 50,000 ரூபாய் முன்பணம் பெறுகிறார் என்றும், அதற்கு வட்டியில்லை, ஆனால் விளைச்சலை அந்த மண்டிக்கே போட வேண்டும் என்பது நிபந்தனை என்றும், வெளியில் விற்றால் கொடுப்பதைவிட 3 விழுக்காடு கூடுதலாக அங்கே கமிஷன் பிடிக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். நான்கு மாதத்தில் 2,00,000 ரூபாய்க்குப் பூண்டு விற்றால் கூடுதல் கமிஷன் 6,000 ரூபாய். அதாவது வட்டியில்லாக் கடனுக்கு நான்கு மாதத்தில் 12 விழுக்காடு, கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 40 விழுக்காட்டுக்கும் மேல். பயனுறு ஆண்டு வட்டி என்னும் கருத்தை, அமெரிக்க வீட்டுக் கடனை உதாரணமாகக் காட்டும் அச்சுநூலைவிட இக்கணக்கு விரைவாகப் புரியவைக்கும். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியருள் சிலர் இத்தகைய மண்டிச் சீட்டை வீட்டில் பார்த்தவர்களாகவும் இருக்கலாம். விலை ஏறும்வரை பூண்டை இருப்பில் வைக்கும் உரிமைக்கு இந்த நிபந்தனையால் என்ன இழப்பு என்று கேட்டால், விருப்ப உரிமைகளின் மதிப்பீடு பற்றிய முதுகலைப் பாடமே அதனுள் அடங்கிவிடும்.

இத்தகைய பாடத்தை எழுத, மண்டிச் சீட்டுகளைத் திரட்டும் பொறுமையும், ஆண்டுதோறும் அவற்றைப் புதுப்பிக்கும் கடமையுணர்வும், தமிழில் எழுதும் திறனும் வேண்டும். இம்மூன்றும் உடைய ஆசிரியர்கள் மலைக் கல்லூரிகளிலும் சமவெளிக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏழாண்டு காலம் சொல்லப்பட்டது ஒன்றே: மானியக் குழுவின் பட்டியலில் உள்ள ஆய்விதழில் எழுதுக. அந்தப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதன் பொருட்டு வீணான உழைப்புக்கும், கட்டணமாகச் சென்ற பணத்துக்கும் எவரும் பொறுப்பேற்கவில்லை. இப்போது ‘இந்திய மொழிகளில் கற்பித்தல்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதற்கு நிதி எவ்வளவு, தமிழில் எழுதப்பட்ட நிதியியல் பாடத்தைத் தேர்வுக் குழுவில் யார் படித்து மதிப்பிடுவார், தமிழில் கற்பித்ததற்குச் சான்றாக எது ஏற்கப்படும் என்பவற்றுள் ஒன்றும் தெளிவாக்கப்படவில்லை. மொழியின் பெயரால் மத்திய அரசோடு நாள்தோறும் வழக்காடும் மாநில அரசும், தமிழ்வழிப் படித்தோருக்கு 2010 முதல் வேலைவாய்ப்பில் 20 விழுக்காடு இடம் ஒதுக்கிவிட்டு, அவர்கள் படிக்க வேண்டிய முதுகலை நிதியியல் நூல் எங்கே என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஆதலால், வரைவின் இந்த இனத்தை இவ்விதழ் எதிர்க்கவில்லை. அதனை வெற்று வரியாக விடுவதையே எதிர்க்கிறது. தமிழில் வெளியிடப்பட்டு, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த இயன்று, ஆண்டுக்கு ஒருமுறையேனும் திருத்தப்படும் பாடமும் தரவுத் தொகுப்பும் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்குக் குறையாத பங்களிப்பாக ஏற்கப்பட வேண்டும் என்றும், அதை மதிப்பிடும் குழுவில் தமிழில் அத்தாளைக் கற்பித்த இருவரேனும் இடம்பெற வேண்டும் என்றும் மானியக் குழுவுக்கு எழுதப்படுகிறது. அதுவரை தமிழ்வழி மாணவியின் கையில் தரப்படும் இருமொழி வினாத்தாளின் தலைப்பில், ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற குறிப்பு தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருக்கும்.