எல்லாம் ‘நரம்பு’ அல்ல

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதுகின் அடிப்பகுதியில் வலி வந்தால் எவரும் இடுப்புவலி என்று சொல்வதில்லை. ‘நாரி நோகுது’ என்பார்கள். (தமிழகத்து வாசகர்கள் மருள வேண்டாம். இங்கே நாரி என்பது பெண்ணைக் குறிக்கும் சொல் அன்று, முதுகின் கீழ்ப்பகுதி.) அந்த நாரி நோவோடு காலின் பின்புறத்தில் ஓர் இழுவையும் சேர்ந்துகொண்டால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும்: ‘நரம்பு இழுக்குது.’ இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியதே இப்பதிவு. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அந்தச் சொல்லை நம்பிப் பலர் தம் நாரியை மேலும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நம் பேச்சில் நரம்பு என்பது எதையெல்லாம் குறிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது நரம்பு. உண்மையில் அது இரத்தநாளம். குதிக்காலுக்கு மேலே கயிறுபோல் விறைத்து நிற்பது நரம்பு. உண்மையில் அது தசைநார். முழங்காலை மடக்காமல் குனியும்போது தொடையின் பின்னால் இழுப்பதும் நரம்பு. அது பெரும்பாலும் தசை. மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் புறப்பட்டு உணர்ச்சியையும் அசைவையும் ஆள்வதற்கும் அதே பெயர்தான். அங்கு மட்டுமே அது பொருந்துகிறது. நான்கு பொருள்களுக்கு ஒரே சொல். சாதாரண நாள்களில் இதனால் நட்டமில்லை. நாரி நோ வந்த நாளில் உண்டு. இறுகிய தசையை மெல்ல நீட்டலாம். அழுத்தத்துக்குள்ளாகி எரிந்துகொண்டிருக்கும் நரம்பை அப்படி இழுத்தால் வலி கூடும்.

தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றை ஒன்றாகச் சேர்த்து ஹாம்ஸ்ட்ரிங் என்கிறார்கள். நாம் பின்தொடைத் தசை என்போம். உட்காரும்போது ஆசனத்தில் ஊன்றுகின்ற எலும்பு முனையில் இவை தொடங்குகின்றன. இடுப்பு மூட்டையும் முழங்காலையும் கடந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொள்கின்றன. நாம் குனியும்போது இடுப்பெலும்புக் கூடு முன்னோக்கிச் சரிய வேண்டும். பின்தொடைத் தசை இறுகியிருந்தால் அது இடுப்பைப் பின்னிருந்து பிடித்துக்கொள்ளும். அப்போது இடுப்பு வளைய வேண்டிய பங்கையும் நாரியே வளைந்து தீர்க்கும். இயன்மருத்துவர்கள் இத்தசையை நீட்டச் சொல்வதற்கு இதுவே காரணம். ஆயினும் தசை இறுகியதால் நோ வந்ததா, நோ வந்ததால் தசை இறுகியதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இதைச் சொல்லாமல் ‘இந்தப் பயிற்சி செய்தால் நாரி நோ பறந்துவிடும்’ என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

பழைய வாழ்க்கையை நினைத்து ஏங்குவோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். சப்பாணி கொட்டித் தரையில் இருந்து உண்டோம், குந்தியிருந்து தேங்காய் திருவினோம், ஆதலால் நாரி நோ அறியாதிருந்தோம் என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் எழுதுகிறார்கள். நாற்காலி வாழ்வு தசையை இறுக்குகிறது என்பதில் நியாயம் உண்டு. இலண்டனில் கல்லாவின் முன் அமர்ந்திருப்பவரும் ரொறன்ரோவில் பாரவண்டி ஓட்டுபவரும் முழங்காலை மடக்கியபடியே பத்து மணிநேரத்தைக் கழிக்கிறார்கள். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணில் நாள் முழுவதும் குனிந்து வெங்காயம் நடுபவருடைய பின்தொடைத் தசை நம்முடையதைவிட நன்றாகவே நீளும். அவருக்கும் நாரி நோகிறது. துலா மிதித்த தலைமுறைக்கும் நொந்தது; இல்லாவிட்டால் நொச்சி இலை ஒத்தணமும் இத்தனை வகை எண்ணெய்களும் நம்மிடையே எதற்காக வழங்கின?

இனி, நம்மவர் வழக்கமாகச் செய்யும் பயிற்சிக்கு வருவோம். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்பில் கற்ற ஒன்று எல்லார்க்கும் நினைவில் இருக்கிறது: நிமிர்ந்து நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து, கால்விரலைத் தொடுதல். எட்டாவிட்டால் ஆட்டி ஆட்டி எட்டுதல். நாரி நோ உள்ளவர்க்கு இதைவிடப் பொருந்தாத பயிற்சி அரிது. இடுப்பு சரிய மறுக்கின்ற நிலையில் உடலின் மேற்பாரம் முழுவதும் வளைந்த நாரியில் தொங்குகிறது. பலர் இதை விடியற்காலையில், பாயை விட்டு எழுந்தவுடன் செய்கிறார்கள். படுத்திருக்கும்போது முள்ளென்புகளுக்கு இடையேயுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும். அந்நேரத்தில் குனிந்தால் அவற்றின்மீது விழும் அழுத்தம் மிகுதி. விடியற்காலையில் குனிவதைக் கட்டுப்படுத்திய நாட்பட்ட முதுகுநோயாளர்க்கு வலி குறைந்ததாக 1998 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நம் பெண்கள் எழுந்ததும் முதலில் செய்வது என்ன? ஈர்க்குமாற்றை எடுத்துக் குனிந்து முற்றம் கூட்டுவது. நாரி நோ உள்ள வீட்டில் முற்றம் ஒரு மணிநேரம் காத்திருக்கட்டும். அல்லது ஈர்க்குமாற்றுக்கு நீண்ட தடி ஒன்றைக் கட்டுங்கள். அல்லது வீட்டிலுள்ள ஆண்பிள்ளை கூட்டட்டும்.

நீட்டுவதற்கு நல்ல முறை படுத்துக்கொண்டு செய்வது. பாயில் மல்லாந்து படுங்கள். ஒரு முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். இது நாரியைக் காக்கும். மற்றக் காலின் தொடையை மேலே உயர்த்தி, துவாய் ஒன்றை அந்தத் தொடைக்குப் பின்னால் கொடுத்து இரு முனைகளையும் கைகளால் பிடியுங்கள். இப்போது முழங்காலை மெல்ல நிமிர்த்துங்கள். தொடையின் நடுப்பகுதியில் இதமான இழுவை தோன்றிய இடத்தில் நிறுத்துங்கள். கால் முற்றாக நிமிர வேண்டியதில்லை. மூச்சை அடக்காமல் 30 விநாடி. பின் விட்டுவிட்டு மறுபடியும், மூன்று முறை. அடுத்து மற்றக் கால். 30 விநாடி போதும், 60 விநாடி பிடிப்பதால் மேலதிகப் பயன் இல்லை என்று 1994 இல் ஓர் ஆய்வு கண்டது. அவ்வாய்வில் கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு கிழமைகள் செய்தார்கள். நமக்கோ மூன்றாம் நாளே பலன் வேண்டும்.

துவாயைப் பிடிக்கக் கையில் வலுவில்லாத முதியவர்கள் கதவு நிலைக்கருகே படுத்து, ஒரு காலை வாசலினூடாக நீட்டி, மற்றக் காலின் குதியை நிலையில் சாய்த்து வைத்தால் போதும். தரையில் படுத்து எழ முடியாதவர் கதிரையின் முன்விளிம்பில் இருந்து, ஒரு காலை முன்னே நீட்டிக் குதியை ஊன்றி, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து சற்றே முன்சாயலாம்.

இதைத் தொடங்குமுன் அறிய வேண்டியது, இழுப்பது தசையா நரம்பா என்பது. மல்லாந்து படுத்து நேரான காலை வேறொருவர் மெல்ல உயர்த்தும்போது இழுவை தொடையின் பின்னால் மட்டும் நின்றால் அது பெரும்பாலும் தசை. மின்சாரம் பாய்ந்ததுபோல் முழங்காலைக் கடந்து கெண்டைக்கும் பாதத்துக்கும் இறங்கினால், விறைப்போ ஊசி குத்துவதோ சேர்ந்து வந்தால், அங்கே வேறு கதை. பாதத்தை மேல்நோக்கி மடக்கியதும் அந்த வலி கூடுகிறதா என்றும் பார்க்கலாம். பின்தொடைத் தசை பாதத்தில் பற்றியிருக்கவில்லை. ஆதலால் பாதத்தை மடக்குவதனால் அது நீள்வதில்லை. இடுப்பிலிருந்து பாதம்வரை ஓடும் நரம்புதான் இழுபடும். நேரான காலை உயர்த்திப் பார்ப்பதே பிரெஞ்சு மருத்துவர் லசேக்கின் பெயரால் இன்றும் வழங்கும் சோதனை. அவருடைய மாணாக்கர் போர்ஸ்ட் 1881 இல் தம் ஆய்வேட்டில் எழுதிவைத்தார். இத்தகைய வலி உள்ளவர் துவாயை மடித்து வைத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். சிறுநீர் போவதில் தடை, இரு தொடைகளுக்கும் இடையே மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே, அந்த மணியே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எண்ணெய் பூசிப் பார்த்து நாளைக்குப் போவோம் என்பது அங்கே செல்லாது.

பயனைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்வோம். சில கிழமைகள் நீட்டியபின் கால் மேலும் உயர்வது உண்மை. ஆனால் தசையின் நீளம் கூடியதனாலன்றி, அந்த இழுவையை உடல் பொறுத்துக்கொள்ளப் பழகியதனாலேயே பெரும்பாலும் அப்படி நிகழ்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதுவும் நன்மைதானே? குனிய அஞ்சியவர் அச்சம் தெளிகிறார். ஆனால் நாரி நோவுக்கு இந்த ஒரு பயிற்சியே மருந்து என்று கொள்ளக்கூடாது. முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரைக் கொண்டு அவுஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வொன்று 2024 இல் வெளிவந்தது. படிப்படியாகக் கூட்டிய நடையும் அறிவுரையும் பெற்றவர்களுக்கு வலி திரும்பி வர இடைநிலையாக 208 நாள்கள் ஆயின. பெறாதவர்களுக்கு 112 நாள்கள். நடப்பதற்குக் காசு வேண்டாம். பாமசியில் டைக்ளோபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நிற்க. சில காலத்துக்கு முன் குடாநாட்டில் ஒரு சிகிச்சை நிலையத்தின் வாங்கில் காத்திருந்தேன். எழுபது வயதைக் கடந்த தோட்டக்காரர் ஒருவர், கையில் கொடுத்திருந்த தாளை என்னிடம் நீட்டினார். முழுவதும் ஆங்கிலம், நடுவே கோட்டோவியமாக ஒரு மனிதன் காலைத் தூக்கியபடி படுத்திருந்தான். ‘தம்பி, உது நரம்பை இழுக்கிற படமோ?’ என்று கேட்டார். அவருக்கு அது விளங்காதது அவர் குற்றம் அன்று.

இது நடந்தது எந்த மண்ணில் என்பதை நினைக்கும்போதுதான் மனம் ஆறவில்லை. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். தாயகம் போய் 1862 இல் மீண்டும் வந்தபின் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்றனர். கிரே முதலியோரின் உடற்கூற்று நூல்களை ஒட்டி ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் வெளிவந்தது. கிரேயின் மூலநூல் இலண்டனில் அச்சேறி அப்போது 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. தசை எது, நரம்பு எது, நாளம் எது என்று மாணாக்கர் தமிழில் வேறுபடுத்திக் கற்ற ஊருக்கு அருகில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு முதியவர் ஆங்கிலத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்பது பெரிய நூல் அன்று. ஒரு பக்கத் தாள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் நாரி நோவென்று வருபவர் கையில் கொடுக்க வேண்டியது. இங்குள்ள இயன்மருத்துவர்களோடு, வெளிநாடுகளில் இத்துறையில் பணியாற்றும் நம் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். ‘இடுப்புவலி’ என்று எழுத வேண்டாம், ‘நாரி நோ’ என்றே எழுதுங்கள். படத்தில் துவாயைக் காட்டுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் வருபவர்களே அதிகம்.