பாளயத்துக்கு வெளியே விட்ட பக்கங்கள்

லேவியராகமத்தை நாம் வாசிப்பதில்லை. எண்ணாகமத்தின் கணக்கெடுப்புகளையும், 1 நாளாகமத்தின் முதல் 9 அதிகாரங்களில் வரும் வம்ச அட்டவணைகளையும் புரட்டித் தள்ளிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறோம். எண்ணாகமம் 6இன் ஆசீர்வாதத்தை மட்டும் ஆராதனை முடிவுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டோம்.

எபிரெய வேதமே கிறிஸ்தவர்களுக்கு வேண்டாம் என்று 2ஆம் நூற்றாண்டில் மார்சியன் சொன்னபோது திருச்சபை அவரை விலக்கியது. வாயால் நாமும் அவரைக் கண்டிக்கிறோம். வாசிக்கிற வழக்கத்தில் அவர் பக்கம்தான் நிற்கிறோம். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1719இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கியிருந்தார். பலிமுறைகள், குஷ்டரோகச் சட்டங்கள் எதையும் அவர் தாண்டிப் போகவில்லை. தமிழிலேயே கையில் கிடைத்த பிறகும் திறக்காதவர்கள் நாம்.

திறந்தாலும், அவசரமாகத் திறக்கிறோம். கேதுருக் கட்டை என்றால் சிலுவை, சிவப்பு நூல் என்றால் இரத்தம் என்று அடையாளங்களைப் பொறுக்கிக்கொண்டு, அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மனிதனைப் பாராமலே மூடிவிடுகிறோம்.

லேவியராகமம் 14இல் அவன் இருக்கிறான், ஒரு குஷ்டரோகி. கிழிந்த உடையோடு, தீட்டு தீட்டு என்று தானே கூவிக்கொண்டு, பாளயத்துக்குப் புறம்பே தனியாகக் குடியிருந்தவன். நோய் நீங்கினால் அவன் உள்ளே வந்து விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆசாரியன்தான் வெளியே அவனிடம் போக வேண்டும். ஓடும் நீரின்மேல் ஒரு குருவி கொல்லப்படுகிறது, மற்றொன்று வெளியில் விடப்படுகிறது. எட்டாம் நாள், பலியின் இரத்தத்தை அவனுடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுகிறார்கள். அதே இடங்களில் எண்ணெய், மீதி எண்ணெய் தலையில். ஆறு அதிகாரம் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். ஆரோனையும் அவன் குமாரரையும் ஆசாரியராக ஏற்படுத்தியபோது இரத்தம் பூசியது இதே மூன்று இடங்களில்தான். ஒதுக்கப்பட்டவன் திரும்பி வரும்போது, ஆசாரியனுக்குச் செய்ததை அவனுக்கும் செய்யச் சொல்கிறது நியாயப்பிரமாணம். அவன் ஏழையா? மூன்று ஆடுகள் வேண்டாம். ஓர் ஆடும் இரண்டு புறாக்களும் போதும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் மாற்கு 1ஐ எத்தனை முறை பிரசங்கித்துவிட்டோம்! இயேசு குஷ்டரோகியைத் தொட்டார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஆசாரியனிடம் போய் மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்று அவர் சொன்னதை ஒரு சம்பிரதாயமாகக் கடந்துவிடுகிறோம். அந்தக் காதும் கையும் காலும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கட்டும் என்றல்லவா அனுப்பினார்? அதற்கு அடுத்த வசனத்தில், இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல் வெளியே வனாந்தரத்தில் தங்குகிறார். அவன் இருந்த இடத்துக்கு இவர் போய்விட்டார். லேவியராகமம் இல்லாமல் இந்த இடமாற்றம் நம் கண்ணில் படாது.

மரியாள் தேவாலயத்தில் கொண்டுவந்த காணிக்கையும் அப்படித்தான். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் கொடுக்க வேண்டியது எது என்று லேவியராகமம் 12 சொல்கிறது; லூக்கா 2இல் அவள் கொடுப்பது அதுவே. கிறிஸ்துமஸ் நாடகத்தில் தொழுவத்தைக் கட்டுகிறோம், அந்தப் புறாக்களை மறந்துவிடுகிறோம்.

இந்தப் புத்தகத்தை நாம் அடியோடு விட்டுவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. தசமபாகத்துக்காக 27ஆம் அதிகாரம் நினைவிருக்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிற 19ஆம் அதிகாரமும், 50ஆம் வருஷம் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்கிற 25ஆம் அதிகாரமும் நினைவில்லை. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்துகிற, நிலங்கள் வைத்திருக்கிற சபைகள் நாம். நம்மிடம் கூலி வாங்குகிறவர்களுக்கு இந்த அதிகாரங்கள் வாசித்துக் காட்டப்பட்டதே இல்லை.

இயேசு வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார், நாமும் பாளயத்துக்குப் புறம்பே அவரிடம் போகக்கடவோம் என்கிறது எபிரெயர் 13. அதைப் பாடுகளின் வாரத்தில் உருக்கமாக வாசிக்கிறோம். வாசித்த சபைகளிலேயே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது, நடுவில் நாம் எழுப்பிய சுவரோடு.