பெரட்டுக்களமும் மரபுரிமையே: கொடகவெலப் பிரதேச மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெல்மதுளையிலிருந்து காவத்தை, மாதம்பை வழியாக எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கொடகவெல, வயலும் தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலத்தின் சந்தை நகராக வளர்ந்தது. இதே சாலையில் பல்லேபெத்தவுக்கு அருகிலுள்ள சங்கபால விகாரை, துட்டகைமுனு மன்னனின் வீரர்களுள் ஒருவரான புஸ்ஸதேவவின் பெயரோடு இணைத்துப் போற்றப்படுகிறது. அது பேணப்படுவது இப்பிரதேசத்து மக்கள் அனைவருக்கும் பெருமையே. ஆனால், சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் நூறாண்டுக்கும் மேலாக உழைத்த மக்கள் விட்டுச்சென்ற தொழிற்சாலைகளும், வரிசைக் குடியிருப்புகளான லயங்களும், கோயில்களும் கல்லறைகளும் எவரும் குறித்து வைக்காமலே ஒவ்வொன்றாக அழிந்து வருகின்றன. அவற்றைக் காக்கக் கைகொடுக்குமாறு, இத்தோட்டங்களில் வாழ்வோரும் இங்கிருந்து வெளியேறியோரும் சேர்ந்து இவ்வேண்டுகோளை விடுக்கின்றனர்.

இந்த அலட்சியத்துக்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்து, அதற்கு முற்பட்டவற்றையே தொல்பொருளெனக் கொள்கிறது. பிற்பட்ட கட்டடங்கள் தனி அறிவித்தலின் மூலமே பாதுகாப்புப் பெறக்கூடும். கோப்பித் தோட்டங்களும், அவை நோயில் அழிந்தபின் பரவிய தேயிலையும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளரும் அந்தத் திகதிக்குப் பின்னரே இம்மலைகளை அடைந்தமையால், அத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கிறது. கேட்போர் இல்லாத இடத்தில் அறிவித்தலும் வராது.

பாதுகாப்புக் கேட்க வேண்டியவை பல. தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் உயரமும், நெருக்கமாக அமைந்த சன்னல் வரிசைகளும் அழகுக்காக வந்தவை அல்ல. பறித்த கொழுந்தை மேல்மாடிகளில் சாக்குத்துணித் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, மலைக்காற்றில் வாட்டிய பின்னரே கீழ்த்தளத்தில் அரைக்கவும் உலர்த்தவும் முடிந்ததால், காற்றை வாங்குவதற்கென்றே அக்கட்டடங்கள் அவ்வாறு எழுப்பப்பட்டன. விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகளில் கொழுந்தை வாட்டும் முறை வந்தபின் மேல்மாடிகளின் தேவை குறைந்தது. மூடப்பட்ட தொழிற்சாலைகளின் பலகையும் தகரமும் இரும்பும் விலைக்குப் போகின்றன. இயந்திரச் சக்கரங்களைக் காக்கும் தெய்வமாகத் தொழிலாளர் வழிபட்ட ரோதை முனியின் கல்லும் சூலமும் தொழிற்சாலையோடு சேர்ந்தே இடம் இழக்கின்றன. சக்கரத்துக்கு ஒரு காவல் தெய்வத்தைக் கண்ட வழிபாட்டு மரபு ஆராய்ச்சியாளரின் கவனத்துக்கு மட்டுமன்றி ஊராரின் அன்புக்கும் உரியது. விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் கூடி, பெயர் கொடுத்து, அன்றைய வேலையைப் பெற்றுச் சென்ற வெளியான பெரட்டுக்களமோ, எல்லைக்கல்லும் இல்லாத வெறும் தரையாகையால், அனைத்திலும் எளிதாக மறைந்துவிடுகிறது.

இத்தகைய மறைவு எவ்வளவு விரைவாக நிகழும் என்பதற்கு இப்பிரதேசம் அடங்கிய சப்ரகமுவ மாகாணமே சான்று. களனிப் பள்ளத்தாக்கு இரயில் பாதை 1912 இல் இரத்தினபுரியையும் 1919 இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1976 இல் மூடப்பட்டது. இரண்டு தலைமுறை கடப்பதற்குள், இங்கு இரயில் ஓடியது என்பதையே இளையோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியுள்ளது. கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் இரயில் பாதையோரத்து மரத் தானியக் களஞ்சியங்கள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. எனினும் மனிற்றோபாவின் இங்கிலிஸ் என்னும் சிற்றூரில் எஞ்சிய களஞ்சிய வரிசை இன்று தேசிய வரலாற்றுத் தலமாக நிற்கிறது. இலங்கையிலேயே, கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 முதல் இயங்கி வருகிறது. அங்கு முடிந்தது இங்கும் முடியும்.

லயங்களைக் காக்கக் கோருவது மக்களை அவற்றிலேயே இருத்தி வைப்பதாகாது என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பிராவில், அதாவது லயத்தின் ஓர் அறையில், ஒரு குடும்பம் முழுவதும் வாழும் நிலை ஒழிய வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியும் தனிவீடும் கிடைக்க வேண்டும். அவ்வாறு குடியிருப்போர் வெளியேறிய பின், ஒரு லயமாவது இடிக்கப்படாமல், அங்கு வாழ்ந்தோரின் சொற்களாலேயே விளக்கப்பட்டு நிலைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

ஆகவே, பிரதேச சபை உறுப்பினர்கள் நூறாண்டு கடந்த தோட்டக் கட்டடங்களையும் வழிபாட்டிடங்களையும் பதிவு செய்யத் தீர்மானம் நிறைவேற்றித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அனுப்புமாறும், தோட்ட நிர்வாகங்கள் எதையும் இடிக்குமுன் அளந்து படமெடுக்க அவகாசம் தருமாறும், மாணிக்கம் அகழ்வோர் மயானங்களையும் கோயில் நிலங்களையும் தோண்டாது விடுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பாடசாலை ஆசிரியர்கள் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் ஆடிய முதியோரின் குரலை மாணவரைக் கொண்டு பதிவு செய்யலாம். சிங்கள அயலவர்களின் நினைவுகளும் இதில் சேர வேண்டும்; தோட்டத்துக் கடையும் சந்தையும் இரு சாராருக்கும் பொதுவாகவே இருந்தன.

பழைய செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாளும் சம்பளமும் பதிந்த பேரேடு, கறையான் அரித்திருந்தாலும் எரிக்கப்படலாகாது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா சென்றோரும், 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தோரும், இங்குள்ள எவரிடமும் இல்லாத படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் தம் பெட்டிகளில் வைத்திருக்கக்கூடும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ வாழும் அவ்வுறவினர்கள், மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, படியெடுத்து அனுப்பினால் போதும். ஒவ்வொரு படத்தின் பின்னும் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), ஆண்டு, படத்தில் நிற்போரின் பெயர் ஆகியவற்றை, அவற்றை அறிந்த பெரியவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி அனுப்புமாறு வேண்டப்படுகின்றனர்.