பட்டறைப் பக்கம்: நீலம் பாய்ந்த அரிவாளும் சாணைக்கல்லும்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சென்னையில் வேலையை விட்டுவிட்டு, அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் முருங்கை வைத்து, ஐந்து ஆடும் வளர்க்கிறார். ஊரில் கொல்லுப்பட்டறை மூடியாகிவிட்டது. அப்பாவின் அரிவாளை டவுனில் ஒரு வெல்டிங் கடையில் கொடுத்துச் சாணை பிடித்தார். வாயோரம் நீலமாகி வந்தது. இரண்டு நாள் ஆட்டுக்குத் தழை வெட்டியதும் மறுபடி மொக்கை. 'இனி நானே தீட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் சாணை வாங்குவதா, கோணம் பிடித்துத் தரும் செட் வாங்குவதா? அப்பா அரிவாள் இனித் தேறுமா?' என்பது அவர் கேள்வி.

முதலில் அந்த நீலம். மோட்டார் சாணை நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று சுற்றும். அரிவாளின் வாய் மெல்லியது, சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே இரும்பு இல்லை. சில நொடி அழுத்திப் பிடித்தாலே 300 டிகிரி செல்சியஸ் எட்டிவிடும். நீல நிறம் அந்தச் சூட்டின் அடையாளம். கொல்லர் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்து ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிட்டது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் வரும், நிற்காது. தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடிக்கத் தெரிந்தவர் கையில் அதே மெஷின் ஒழுங்காக வேலை செய்யும். புதிதாகப் பழகுபவருக்கு அது வேண்டாம். கெடுத்தபிறகுதான் கெட்டது தெரியும்.

கோணம் பிடிக்கும் செட்டுகள் சமையல் கத்திக்காகச் செய்யப்பட்டவை. நேரான, சிறிய கத்தியை அதில் மாட்டினால் நன்றாகவே தீட்டலாம். வளைந்த கனமான அரிவாள் அதன் பிடியில் நிற்காது. இரண்டு சக்கரத்துக்கு நடுவே கத்தியை இழுக்கும் சின்னக் கருவி வாயைச் சுரண்டித்தான் கூராக்குகிறது. அவசரத்துக்குத் தக்காளி நறுக்கலாம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

தொடங்குவதற்கு வேண்டியவை இரண்டே. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக வரும் கார்போரண்டம் கல் ஒன்று. எட்டு அங்குல நீளம் இருந்தால் கை தாராளமாக ஓடும். பிடி போட்ட தட்டை அரம் ஒன்று. இரண்டும் ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கல்லில் தண்ணீர் விட்டே தீட்டலாம். பழைய எஞ்சின் ஆயில் விடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. கல்லின் துளை அடைபடும், தழையிலும் காயிலும் வாடை ஏறும்.

கற்றுக்கொள்வதை அரிவாளில் தொடங்கக் கூடாது, வீட்டுக் கத்தியில் தொடங்க வேண்டும். ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் கல்லை வைத்தால் நகராது. கோணத்துக்குக் கருவி வேண்டியதில்லை: கத்தியின் அகலம் மூன்று சென்டிமீட்டர் என்றால் முதுகு கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு உயரம் என்பது சுமாராக 20 டிகிரி. வாயோரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு நான்கு இழுப்பு இழுத்துப் பார்த்தால், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது என்று தெரியும். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் தள்ளித் தடவினால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் தடவினால் விரல் போகும். பிசிறு முழு நீளத்துக்கும் எழுந்தபிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், பிசிறு வருமுன் அலுத்துத் திருப்பிவிடுகிறார்கள். இரு பக்கமும் வந்ததும் நைசுப் பக்கத்தில் அழுத்தாமல் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிரும்.

அரிவாளுக்கு முறை வேறு. அதை வைஸில் இறுக்கிக்கொண்டு கல்லையோ அரத்தையோ நகர்த்த வேண்டும். கல்லைப் பிடிக்கும் விரல்கள் கல்லின் முகத்தைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தோல் கையுறை போட்டாலும் இது பொருந்தும். கொல்லர் வைத்த சரிவையே பின்பற்றினால் போதும். கத்தியைப் போல மெலிதாக்கினால் முருங்கைக் கிளையில் முதல் வெட்டிலேயே வாய் மடங்கும்.

கதிர் அறுக்கும் கருக்கரிவாளைக் கல்லில் தேய்த்தால் பல் போய்விடும். பல் மழுங்கினால் கருக்கு வெட்டத் தெரிந்த கொல்லரிடம்தான் போக வேண்டும். ஒட்டுக் கட்டும் கத்திக்கும் கவாத்துக் கத்தரிக்கும் ஒரு பக்கம்தான் சரிவு. அந்தப் பக்கம் மட்டுமே தீட்ட வேண்டும், மறுபக்கம் பிசிறு எடுக்கத் தட்டையாக ஒரு தடவல். பனையேறிகளின் பாளை அரிவாள் தனி உலகம். மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அவர்கள் ஏற்றும் கூருக்கு முன் கடைச்சரக்கு எதுவும் நிற்காது.

சில மாதம் ஓடினால் கல்லின் நடுவில் குழி விழும். சிமெண்ட் தரையில் மணலும் தண்ணீரும் போட்டு அதைக் கவிழ்த்துத் தேய்த்தால் சமமாகும்.

இனி அப்பா அரிவாள். நீலம் பாய்ந்த இடத்தில் அரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நீலம் படாத வாயில் அரம் வழுக்கி, நீலத்தில் மட்டும் சுலபமாகக் கடித்தால் பதம் போனது அங்கே மட்டும்தான். ஓரிரு மில்லிமீட்டர் என்றால் அரத்தாலேயே மெதுவாக எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நல்ல இரும்பில் புதிய வாய் வைக்கலாம். ஒரு சாயங்கால வேலை. நிறத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து அழிப்பதில் பயனில்லை, பதம் போனது உள்ளே அப்படியே இருக்கும். நீலம் அகலமாகப் பாய்ந்திருந்தால் அரத்தால் எடுப்பதும் வீண், வாய் பாதியாகிவிடும். அப்போது பக்கத்து ஊர்ச் சந்தைக்கு வரும் கொல்லரை விசாரித்து, மறுபடி காய்ச்சித் தோய்ச்சல் போடச் சொல்ல வேண்டும். கொடுக்கும்போதே சாணை மெஷினில் சூடேறியது என்று சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவு தூரம் காய்ச்ச வேண்டும் என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.