பைக்காரா சாலையில் மூன்று தலைமுறை



ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பைக்காரா. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது போட் ஹவுஸ், அருவி, சினிமாவில் பார்த்த புல்மேடு. நீலகிரியில் பிறந்த பெரியவர்களிடம் கேட்டால், பைக்காரா என்றதும் அவர்கள் முதலில் சொல்வது கரண்ட்.

1929-ல் வேலை தொடங்கி 1932-ல் ஓடத் தொடங்கியது பைக்காரா நீர்மின் நிலையம். மலைமேல் தேக்கிய தண்ணீரை மூவாயிரம் அடிக்கும் மேலான சரிவில் குழாய் வழியாக இறக்கி, அடிவாரத்துச் சிங்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். மலேரியா வாட்டிய சீகூர்க் காட்டில் அந்த வேலையைச் செய்த கூலியாட்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த மின்சாரம் கீழே கோவைக்குப் போனது. 1930-களில் கோவையில் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கொங்கு நாட்டுக் கிணறுகளில் கமலை போய் பம்புசெட் வந்தது. கோவையில் ஒரு மில் வேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை பைக்காராவில்தான் தொடங்குகிறது.

இந்த மாதம் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. “உன் வயசுல நான் வீடே கட்டிட்டேன், நீ இன்னும் வாடகை குடுத்துக்கிட்டு இருக்கே” என்று மகனிடமோ மகளிடமோ சொல்லும் பேச்சு எந்த ஊர் வீட்டிலும் கேட்கிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. முப்பது வயதில் அவர் வீடு கட்டியது உண்மை. அதற்கு எது கைகொடுத்தது என்பதுதான் அந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிறது. பைக்காரா சாலையில் ஒருமுறை போய்வந்தால் அது கண்ணுக்குத் தெரியும்.

ஊட்டியை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் இந்து நகர் வரும். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்த இடம். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம், 1967-ல் உற்பத்திக்கு வந்தது. நம் கல்யாண ஆல்பங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்களிலும் ‘இந்து’ ஃபிலிம் இருந்தது. இருட்டறையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்து, பஸ்ஸில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தலைமுறை ஒன்று அங்கே வளர்ந்தது. பத்தாம் வகுப்பு படித்தவருக்கும் ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் அங்கே நிரந்தர வேலை கிடைத்தது. 1990-களில் இறக்குமதி பெருகியது, கடன் ஏறியது, பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் பலர் வீடு கட்டினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அதே சாலையில் அப்படி ஒரு வேலை இல்லை. ஆலை மூடப்பட்டது பிள்ளைகள் சோம்பேறிகளானதால் அல்ல.

பைக்காராவைத் தாண்டி இறங்கினால் நடுவட்டம். அங்கே டேன்டீ தோட்டங்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, அதாவது டேன்டீயாக, ஆனது. கண்டியிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகள் இங்கே வந்து காட்டைத் திருத்திக் கன்று நட்டன. நாட்கூலி குறைவுதான். லைன் வீடு இருந்தது, டிஸ்பென்சரி இருந்தது, நாளைக்கும் வேலை இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது.

2023 வாக்கில் அங்கே நாள் சம்பளம் நானூற்றுச் சொச்சம் ரூபாயாக இருந்தது. ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருடம் அதே வீட்டில் சமைத்து, பிள்ளை பெற்று, அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அறுபது வயதில் போக இடமில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு கட்டித் தர அரசு சில முயற்சிகள் எடுத்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2022-ல் கழகத்தின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர உத்தரவு வந்தபோது, தொழிலாளர் குடும்பங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. காடு திரும்ப வளர்வது நல்லதுதான். அந்த நிலத்தில் வேலை பார்த்த மனிதர்கள் எங்கே போவார்கள் என்பதை உத்தரவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இனி சொந்த நிலம் உள்ளவர்களின் கணக்கு. படுக சமுதாயத்து விவசாயிகளும் மற்ற சிறு விவசாயிகளும் உருளைக்கிழங்கிலிருந்து தேயிலைக்கு மாறினார்கள். 1965-ல் தொடங்கிய கூட்டமைப்பான இன்ட்கோசர்வின் கீழ் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் அவர்கள் பச்சைத் தேயிலையை வாங்கின. 1990-களின் பிற்பகுதி அவர்களுக்கு நல்ல காலம். 1998 வாக்கில் ஒரு கிலோ பச்சைத் தேயிலை பதினைந்து ரூபாய்க்கும் மேல் போனது. படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாகின. பிள்ளைகள் கோவையில் பொறியியல் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். இரண்டே வருடத்தில் விலை ஐந்தாறு ரூபாய்க்கு விழுந்தது. ரஷ்யாவின் நாணயம் சரிந்ததும் அந்தச் சந்தை சுருங்கியதும் குன்னூர் ஏலத்தில் உடனே தெரிந்தது. மாஸ்கோவில் நடந்ததற்குக் கோத்தகிரியில் ஒரு பெண் படிப்பைப் பாதியில் நிறுத்தினாள் என்றால் அது மிகையில்லை. அப்படிப்பட்ட குடும்பங்கள் பல.

பிறகு விலை ஏறியது, இறங்கியது. 2023 செப்டம்பரில் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்து கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டபோது, அவர்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது ஏறக்குறைய பதினைந்து ரூபாய். கால் நூற்றாண்டுக்கு முன் வாங்கிய அதே விலை.

இதைப் பவுனில் போட்டுப் பாருங்கள். 1998-ல் ஒரு பவுன் மூவாயிரத்து இருநூறு ரூபாயை ஒட்டி இருந்தது. இருநூறு கிலோவுக்குச் சற்று மேல் கொழுந்து கொடுத்தால் ஒரு பவுன் வாங்கலாம். 2023 செப்டம்பரில் ஒரு பவுன் நாற்பத்து நான்காயிரத்தைத் தொட்டு நின்றது. அதற்கு ஏறக்குறைய மூன்று டன் கொழுந்து வேண்டும். தங்கத்தை வைத்து விலைவாசியை அளப்பது சரியில்லை என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன், தங்கம் மற்ற பலவற்றைவிட வேகமாக ஏறியது. ஆனாலும் நம் வீடுகளில் சேமிப்பு என்றால் அது பவுன்தான். கல்லூரிக் கட்டணம் கட்டவும் மருத்துவமனைச் செலவுக்கும் அடகுக் கடைக்குப் போவதும் அதுதான். மேலும், உரத்தின் விலையோ பறிப்புக் கூலியோ லாரி வாடகையோ 1998-லேயே நின்றுவிடவில்லை. தேயிலையின் விலை மட்டும் நின்றுவிட்டது. அப்பா தேயிலை விற்று வீடு கட்டினார்; அதே நிலத்தை, அதைவிட நன்றாகவே பராமரிக்கும் மகன் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கடன் வாங்குகிறான்.

மின்வாரியத்திலும் இப்படித்தான். பைக்காரா, கிளன்மார்கன், சிங்காரா கேம்ப்களில் நிரந்தர வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களாவது நிரந்தரப் பணியாளர்கள். அதே மின்கம்பத்தில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது.

மிச்சம் இருப்பது சுற்றுலா. கார் ஓட்டுவது, காட்டேஜில் அறை சுத்தம் செய்வது, அருவிக்குப் போகும் வழியில் சோளமும் கேரட்டும் விற்பது. ஏப்ரல், மே இரண்டு மாதம் சம்பாதித்து மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டிகள் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேறு வேலையே இல்லாத ஊரில் அந்தக் கட்டுப்பாட்டின் சுமை முதலில் இறங்குவது வாடகைக்குக் கார் ஓட்டும் பையனின் தலையில். அதே சுற்றுலாதான் நிலத்தின் விலையை ஏற்றியும் வைத்திருக்கிறது. சமவெளிப் பணக்காரர் ஒருவர் வருடத்தில் பத்து நாள் தங்குவதற்குக் கட்டும் பங்களாவோடு போட்டி போட்டு, நாள் கூலிக்காரர் ஒருவர் இரண்டு சென்ட் வாங்க முடியுமா?

பழைய காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பைக்காராவைச் சுற்றியுள்ள தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்கு அந்த வளர்ச்சியில் எவ்வளவு பங்கு வந்தது என்று கேட்டால் பெருமைப்பட ஒன்றுமில்லை. லைன் வீட்டில் பெண்கள் பட்ட பாடும் குறைவில்லை. இது நம் மலைக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் வரிக் கணக்குகளையும் மக்கள்தொகைக் கணக்குகளையும் பார்த்துச் சொன்னார்கள்: 1940-ல் அங்கே பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள், 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். அவ்வளவு பணக்கார நாட்டிலேயே உழைப்பவனின் உழைப்பு குறையாமல் அதற்குக் கிடைக்கும் பலன் குறைந்திருக்கிறது என்றால், நம் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

இந்தச் சாலையில் நான் கண்டது இதுதான். ஒவ்வொரு தலைமுறையின் நல்ல காலத்துக்கும் பின்னால் யாரோ எடுத்த ஒரு முடிவு இருந்தது. அணை கட்ட ஒரு அரசு முடிவெடுத்தது, ஃபிலிம் ஆலை வைக்க ஒரு அரசு முடிவெடுத்தது, இலங்கையிலிருந்து வந்து இறங்கிய மக்களுக்குத் தோட்டம் அமைக்க ஒரு அரசு முடிவெடுத்தது. இன்றைய இருபது வயதுக்காரருக்காக அப்படி ஒரு முடிவு எடுக்கப்படவில்லை. பச்சைத் தேயிலைக்கு உற்பத்திச் செலவை ஈடுகட்டும் விலை, ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு, வருடக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைப்பவருக்கு நிரந்தரப் பணி. இந்த மூன்றும் அரசால் முடியாதவை என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் வீடு கட்டிய கதையைச் சொல்லும்போது, அப்போது உங்கள் சம்பளம் எவ்வளவு, சென்ட் என்ன விலை, கடன் எங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இளைஞர்களே, உங்கள் மாதக் கணக்கை மறைக்காமல் வீட்டில் எடுத்து வையுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்: அப்பாவின் அல்லது அம்மாவின் முதல் சம்பளம், அதில் என்ன வாங்கினார்கள்; உங்கள் முதல் சம்பளம், அதில் என்ன வாங்க முடிந்தது. பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வரும் கணக்குகளை அடுத்த இதழிலிருந்து தொடர்ந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்